விளம்பர எண்களை யார் சரிபார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிஜிட்டல் விளம்பரத் துறையின் வளர்ச்சி குறித்துத் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கங்களில் வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எந்தத் தளம் எவ்வளவு சம்பாதித்தது, பெரிய நிறுவனங்கள் எவ்வளவு செலவிட்டன என்பவை அவற்றில் விரிவாக இடம்பெறுகின்றன. ஆனால் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஆட்களோடு இயங்கும் சிறிய விளம்பர ஏஜென்சிகளின் வழியாகச் சிறுதொழில் செய்பவர்களின் பணம் எப்படிச் செலவாகிறது, அதன் பலன் எப்படிக் கணக்கிடப்படுகிறது, அந்தக் கணக்கு அங்கே வேலை செய்பவர்களின் அன்றாடத்தை எப்படி மாற்றுகிறது என்பதைப் பற்றி வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. அப்படியொரு ஏஜென்சியில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். விளம்பர இடத்தை விற்கும் தளமே அந்த விளம்பரத்தின் பலனையும் அளந்து சொல்கிறது. அந்த எண்களை வேறு எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்காமல் அப்படியே வாங்கி, அழகாக அடுக்கி, வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பதை எங்கள் துறை தன் முக்கிய வேலையாக ஆக்கிக்கொண்டுவிட்டது. நல்ல படைப்பு குறைவதற்கும், இளம் ஊழியர்கள் சோர்ந்து வெளியேறுவதற்கும், வாடிக்கையாளர்களின் நம்பிக்கை தேய்வதற்கும் இதுவே முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன்.

மாதக் கடைசியில் படம் வடிவமைப்பவர் வடிவமைப்பதை நிறுத்தியிருப்பார், எழுதுபவர் எழுதுவதை நிறுத்தியிருப்பார். எல்லோரும் அறிக்கை தயாரித்துக்கொண்டிருப்பார்கள். ரீச் (விளம்பரம் எத்தனை பேரைச் சென்றடைந்தது), இம்ப்ரெஷன் (அது எத்தனை முறை காட்டப்பட்டது), கிளிக், ஃபாலோயர் எண்ணிக்கை, வீடியோ பார்வைகள் என்று ஒவ்வொரு தளமும் எண்களைத் தொகுத்துக் காட்டும் டேஷ்போர்டிலிருந்து எடுத்து, சென்ற மாதத்தோடு ஒப்பிட்டு, ஏறியிருந்தால் பச்சையிலும் இறங்கியிருந்தால் சிவப்பிலும் குறிப்பார்கள். சிவப்பாக இருந்தால் உடனே விளக்கம் கேட்கப்படுகிறது. பச்சையாக இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்த இரண்டாவது பழக்கம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் எண் ஏறுவதற்கும் தொழில் வளர்வதற்கும் பல சமயங்களில் எந்தச் சம்பந்தமும் இருப்பதில்லை.

2025 மார்ச் 31 முதல் யூடியூப் தன் ஷார்ட்ஸ் எனப்படும் குறுவீடியோக்களுக்குப் பார்வைகளை எண்ணும் முறையை மாற்றியது. அதற்கு முன்பு குறிப்பிட்ட நேரமாவது பார்த்திருந்தால்தான் அது ஒரு பார்வையாகக் கணக்கில் சேரும். மாற்றத்துக்குப் பின், வீடியோ ஓடத் தொடங்கினாலே, மீண்டும் ஓடினாலும்கூட, ஒரு பார்வையாகிவிடுகிறது. யூடியூப் இதை வெளிப்படையாக அறிவித்தது. பழைய முறைப்படியான எண்ணிக்கையையும் தனியாகப் பார்க்க வழி வைத்தது. ஆனாலும் அடுத்த மாத அறிக்கையில் வரைபடம் செங்குத்தாக மேலே போயிருக்கும்போது, 'பார்ப்பவர்கள் கூடவில்லை, எண்ணும் முறைதான் மாறியிருக்கிறது' என்று ஓர் அடிக்குறிப்பு எழுதத் துணிந்த ஏஜென்சிகள் எத்தனை இருந்திருக்கும்? அந்த ஒரு வரியை எழுதுவதுதான் எங்கள் தொழிலின் நேர்மை என்று நான் நினைக்கிறேன்.

இது முதல் முறையும் அல்ல. 2016 செப்டம்பரில், வீடியோ ஒன்றைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கைத் தவறாகக் காட்டி வந்ததாக ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. மூன்று வினாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை வகுக்கும் எண்ணில் சேர்க்காமல் விட்டதால் சராசரி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மிகையாகவே தெரிந்தது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் மின்னஞ்சல் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்தபோது, பெறுபவர் திறக்காத கடிதங்களின் படங்களும் முன்கூட்டியே தரவிறக்கப்பட்டதால், திறந்து படித்தவர்களின் விகிதம் ஒரேயடியாக உயர்ந்தது. 2023 ஜூலை 1 அன்று இணையதளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் கூகுளின் பழைய அனலிட்டிக்ஸ் சேவை தரவுகளைச் சேகரிப்பதை நிறுத்தி, புதியது அதன் இடத்துக்கு வந்தபோது, இணையதளத்துக்கு வந்ததும் வெளியேறுபவர்களின் விகிதத்துக்கான இலக்கணமே மாறிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிட்ட அட்டவணை எதற்கும் பொருளில்லாமல் போயிற்று. அளவுகோலின் நீளமே மாறிக்கொண்டிருக்கும்போது, அதை வைத்து அளந்த துணியின் நீளத்தை எப்படி நம்புவது?

சொற்களுக்குப் பின்னாலுள்ள வரையறைகளையும் வாடிக்கையாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பேனர் விளம்பரத்தின் பரப்பில் பாதி, தொடர்ந்து ஒரே ஒரு வினாடி திரையில் தெரியக்கூடிய இடத்தில் இருந்தால் போதும். விளம்பர அளவீட்டுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான மீடியா ரேட்டிங் கவுன்சிலின், துறை ஏற்றுக்கொண்டுள்ள தரப்படி அது 'பார்க்கத்தக்க' விளம்பரம். வீடியோவுக்கு இரண்டு வினாடி. யாரும் கண்ணால் பார்த்தார்கள் என்பதற்கு அது சான்று அல்ல. பார்த்திருக்க வாய்ப்பு இருந்தது என்பதற்கே சான்று. இம்ப்ரெஷன் என்ற எண் பல லட்சமாக இருக்கும்போது இந்த வேறுபாடு சிறியதல்ல.

ஒருவர் மாலையில் இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல் விளம்பரத்தைப் பார்க்கிறார். அதைத் தட்டவில்லை, கடந்துபோகிறார். மறுநாள் காலை அந்த நிறுவனத்தின் பெயரை நினைவில் வைத்துக் கூகுளில் தேடுகிறார். முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தட்டி உள்ளே போய் ஒரு பொருளை வாங்குகிறார். நடந்தது ஒரு விற்பனை. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைத் தட்டிய ஏழு நாட்களுக்குள் அல்லது வெறுமனே பார்த்த ஒரு நாளுக்குள் வாங்கினால் அந்த விற்பனை அதன் கணக்கில் சேரும். எனவே மெட்டா ஒன்று என்கிறது. கூகுள் விளம்பரத்தைத் தட்டி வாங்கியதால் கூகுளும் ஒன்று என்கிறது. மாத அறிக்கையில் இரண்டு தளங்களின் எண்களையும் கூட்டிப் போட்டால் இரண்டு விற்பனை. வாடிக்கையாளரின் பில் புத்தகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு தளங்களில் எதுவும் பொய் சொல்லவில்லை. தத்தம் விதிப்படி சரியாகவே எண்ணுகின்றன. கூட்டிப் போட்டவர்தான் பில் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். பல ஏஜென்சிகள் அதைக் கேட்பதில்லை; பல வாடிக்கையாளர்கள் கேட்டாலும் காட்டுவதில்லை. விற்பனைக் கணக்கு தங்கள் ரகசியம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் விலை இந்த இரட்டைக் கணக்குதான்.

இந்த எடுத்துக்காட்டிலேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பெயரைச் சொல்லித் தேடியவர் விளம்பரம் இல்லாவிட்டாலும் கீழேயுள்ள இலவச இணைப்பைத் தட்டி வந்திருப்பார் அல்லவா? இதை இணைய விற்பனைத் தளமான இபே நிறுவனம் உண்மையாகவே சோதித்துப் பார்த்தது. தன் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டிய விளம்பரங்களைச் சில தேடுபொறிகளில் நிறுத்தியபோது, அவற்றின் வழியே வந்துகொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் இலவச இணைப்பின் வழியாக வந்து சேர்ந்தார்கள் என்பதைப் பொருளியலாளர்கள் பிளேக், நோஸ்கோ, டடேலிஸ் ஆகியோர் 2015-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதே ஆய்வு, இபேயை அதிகம் பயன்படுத்தாதவர்களிடமும் புதியவர்களிடமும் தேடல் விளம்பரங்களுக்கு நல்ல பலன் இருந்ததையும் சொல்கிறது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏற்கெனவே தெரிந்தவர்களிடம் மீண்டும் மீண்டும் போய் நிற்கும் விளம்பரத்துக்கு எண்கள் மிக அழகாக வரும். தெரியாதவர்களிடம் போகும் விளம்பரத்துக்கு எண்கள் மெலிந்து வரும். ஆனால் பெயர் தெரியாத சிறிய தொழிலுக்குத் தேவை இரண்டாவதுதான். அறிக்கையின் பச்சை நிறத்தைத் துரத்தும் ஏஜென்சி, தன்னையறியாமல் வாடிக்கையாளரின் பணத்தை முதல் வகைக்கே திருப்பிவிடுகிறது.

பெரிய நிறுவனங்கள் இதை உணர்ந்தால் அவர்களால் நிறுத்திப் பார்க்க முடியும். சோப்பு முதலிய வீட்டு உபயோகப் பொருட்களை விற்கும் புராக்டர் அண்ட் கேம்பிள் 2017-ல் ஒரே காலாண்டில் 10 கோடி டாலருக்கும் மேல் டிஜிட்டல் விளம்பரச் செலவைக் குறைத்தது. விற்பனையில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்றும் அறிவித்தது. சிறிய தொழில் செய்பவருக்கு அந்தத் துணிச்சல் எளிதாக வராது. அவருக்கு இருப்பது சிறிய தொகை. அதை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடுமோ என்ற அச்சமும் கூடவே இருக்கிறது.

சிறிய தொகைக்கு வேறொரு சிக்கலும் உண்டு. மெட்டாவின் விளம்பர அமைப்பு யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்பதைக் கற்றுக்கொள்ள, ஒரு விளம்பரத் தொகுப்புக்கு ஒரு வாரத்தில் சுமார் 50 விற்பனையோ விசாரணையோ தேவை என்று அந்த நிறுவனமே சொல்கிறது. சிறிய வாடிக்கையாளர்களில் பலர் அந்த எண்ணை எட்டுவதே இல்லை. அதற்கிடையில் இரண்டாம் நாளே 'ரெஸ்பான்ஸ் வரலையே, படத்தை மாத்துங்க' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். படத்தை மாற்றியதும் கற்றல் முதலிலிருந்து தொடங்கும். நான்காம் நாள் தலைப்பை மாற்றச் சொல்வார்கள். மாதம் முடியும்போது எந்தப் படமும் எந்தத் தலைப்பும் முழுதாகச் சோதிக்கப்பட்டிருக்காது; ஆனால் எது சிறப்பாகச் செயல்பட்டது என்று அறிக்கையில் ஒரு வரி எழுதியாக வேண்டும். ஒரு படத்துக்கு ஆறு கிளிக், இன்னொன்றுக்கு நான்கு கிளிக் என்றால் முதலாவதுதான் வென்றது என்று எழுதப்படுகிறது. நாணயத்தைப் பத்து முறை சுண்டினாலும் ஆறுக்கு நான்கு என்று எளிதாக விழக்கூடும். அந்த வித்தியாசத்தை நம்பி அடுத்த மாதத்தின் படைப்பு முழுவதும் முடிவு செய்யப்படுவதைப் பார்க்கும்போது, அந்த இரண்டு படங்களையும் கவனமாக வடிவமைத்தவருக்கு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த வடிவமைப்பாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறிய ஏஜென்சியில் ஒருவருக்கு ஒரு வேலை என்பதே கிடையாது. கேப்ஷன் எழுதுபவரே ரீல் எடுக்கிறார், அவரே எடிட் செய்கிறார், இரவில் வரும் கமென்ட்டுகளுக்கும் அவரே பதில் போடுகிறார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பல கைவேலைகளை ஒரே இடத்தில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் வேறில்லை, வாடிக்கையாளரோடு நேருக்கு நேர் பேசி அவருடைய தொழிலைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பும் பெரிய நிறுவனங்களில் கிடைக்காது. புதிதாகச் சேர்ந்த ஒருவர், வாடிக்கையாளரின் விற்பனைப் பிரிவில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, வாங்க வருபவர்கள் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு வந்து, அந்தக் கேள்விகளையே தலைப்புகளாக்கி எழுதிய விளம்பரங்கள் மிகச் சிறப்பாக அமைந்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு நாளுக்கு எந்த டேஷ்போர்டிலும் எண் இல்லை. எந்த நாளில் எந்தப் பதிவு என்று திட்டமிடும் கான்டென்ட் காலண்டரில் அன்றைக்குப் போட வேண்டிய போஸ்ட் போடப்படவில்லை என்பதுதான் கணக்கில் வந்தது. மாதத்துக்கு இத்தனை போஸ்ட், இத்தனை ரீல் என்று எண்ணிக்கையில் ஒப்பந்தம் போடும் வரை, யோசிப்பதற்கான நேரம் எப்போதும் நஷ்டக் கணக்கிலேயே எழுதப்படும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதற்குப் பிறகு இந்த எண்ணிக்கை இன்னும் ஏறியிருக்கிறது. ஒரு நாளில் முன்பு மூன்று கேப்ஷன் என்றால் இப்போது முப்பது எழுதலாம் என்பது உண்மைதான். படிப்பவரின் நேரம் பத்து மடங்கு ஆகவில்லை. யாரும் நின்று படிக்காத முப்பதை வெளியிடுவதைவிட, விற்பனைப் பிரிவில் உட்கார்ந்து கேட்டு எழுதிய மூன்று போதும் என்று வாடிக்கையாளரிடம் வாதாட வேண்டிய பொறுப்பு ஏஜென்சிக்கு இருக்கிறது.

எண்ணின் மீதான மோகம் நேரடியாகத் தவறான வழிக்கும் இட்டுச் செல்கிறது. ஃபாலோயர்களை விலைக்கு வாங்கித் தர முடியுமா, நான்கைந்து பெயர்களில் நல்ல விமர்சனங்கள் எழுதிப் போட முடியுமா என்று கேட்கும் வாடிக்கையாளர்களை எல்லா ஏஜென்சிகளும் சந்தித்திருக்கும். மறுத்தால் அந்த வேலையைச் செய்துதர வேறொருவர் காத்திருக்கிறார். விலைக்கு வாங்கிய ஃபாலோயர் எதையும் படிப்பதில்லை, எதற்கும் பதில் சொல்வதில்லை. அதனால் அந்தக் கணக்கின் பதிவுகளில் யாருக்கும் ஆர்வமில்லை என்று தளமும் கணித்து, உண்மையான ஃபாலோயர்களுக்கும் அவற்றைக் குறைவாகவே காட்டத் தொடங்குகிறது. பொய் விமர்சனமோ அதைவிட மோசம், ஏனென்றால் அதை நம்பிப் பணம் கொடுப்பவர் மூன்றாவது மனிதர். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024-ல் கொண்டுவந்த விதி, பொய் விமர்சனங்களையும் போலி ஃபாலோயர் வணிகத்தையும் வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது. சட்டம் எங்கே எப்படி இருந்தாலும், இதைச் செய்ய மாட்டோம் என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவைப்பது ஏஜென்சிக்கும் அதன் ஊழியர்களுக்கும் பாதுகாப்பு.

பணம் சம்பந்தமான ஒன்றையும் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் அதுவும் எண்களை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்ற இதே கேள்வியோடு பிணைந்தது. பல சிறிய ஏஜென்சிகள் வாடிக்கையாளருக்கான விளம்பரத்தைத் தங்கள் சொந்த விளம்பரக் கணக்கில், தங்கள் சொந்த கார்டில் போடுகின்றன. செலவு குறிப்பிட்ட வரம்பைத் தொட்டதும் தளம் பணத்தை எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளரோ இரண்டு மாதம் கழித்துத் தருவார். அந்த இடைவெளியில் சம்பளத் தேதி வந்து நிற்கும். வாடிக்கையாளருக்கும் இதில் நஷ்டம் உண்டு. ஏஜென்சியை மாற்றும் நாளில், எந்த விளம்பரம் யாரிடம் பலித்தது என்ற பல ஆண்டு வரலாறு முழுவதும் பழைய ஏஜென்சியின் கணக்கிலேயே தங்கிவிடுகிறது. விளம்பரக் கணக்கு, இணையதளத்தின் டொமைன் (முகவரிப் பெயர்), அனலிட்டிக்ஸ், சமூக வலைதளப் பக்கங்கள் எல்லாம் வாடிக்கையாளரின் பெயரில், வாடிக்கையாளரின் கார்டோடு இருக்க வேண்டும். ஏஜென்சிக்கு இயக்கும் அனுமதி மட்டும் போதும். முக்கியமான தளங்களில் இதற்கு வசதி இருக்கிறது. இதைச் செய்ய மறுக்கும் ஏஜென்சியிடம் வேலை கொடுப்பதைப் பற்றிச் சிறுதொழில் செய்பவர்கள் இருமுறை யோசிக்க வேண்டும் என்று, அதே தொழிலில் இருந்துகொண்டே தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

இவற்றுக்கு மாற்று வழி கடினமானது அல்ல. வேலை தொடங்குவதற்கு முன்பே, எது நடந்தால் இது பலன் தந்ததாக இருவரும் ஒப்புக்கொள்வோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளலாம்: தொலைபேசி விசாரணைகள் கூடுவதா, புதிய வாடிக்கையாளர்கள் வருவதா, பழையவர்கள் திரும்ப வருவதா. அந்த எண்ணை வாடிக்கையாளரே தன் இடத்தில் எண்ண வேண்டும். 'எங்களைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரிந்தது?' என்ற கேள்வியை ஒவ்வொரு புதியவரிடமும் கேட்டு ஒரு நோட்டில் குறித்துவைக்கும் நிறுவனம், விலை உயர்ந்த மென்பொருள் எதுவும் சொல்லாததைத் தெரிந்துகொள்கிறது. பதில் சொல்பவரின் நினைவு எப்போதும் துல்லியமாக இருக்காது என்றாலும், தளங்களின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறொரு எண் கிடைக்கிறது. நெருக்கடி இல்லாத ஒரு காலத்தில் ஒரு வகை விளம்பரத்தை மட்டும் சில வாரங்கள் நிறுத்தி, பில் புத்தகத்தில் என்ன மாறுகிறது என்று பார்க்கலாம். ஏஜென்சியின் தரப்பில், மாத அறிக்கை இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல் இருக்கலாம். அதில் ஒரு பகுதி, இந்த எண்களால் எதைச் சொல்ல முடியாது என்பதற்காக ஒதுக்கப்படலாம். அப்படி எழுதினால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம் எங்கள் துறையில் பரவலாக இருக்கிறது. நான் பார்த்தவரை, நேராகச் சொல்லும் அறிக்கையைப் பெற்றவர்கள் அதிகக் கேள்விகள் கேட்கிறார்கள், அந்தக் கேள்விகளால் அடுத்த மாத வேலை தெளிவாகிறது.

தங்கள் நாளிதழிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன. ஒரு வீடியோவை இத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள், ஒரு விளம்பரம் இத்தனை லட்சம் பேரைச் சென்றடைந்தது என்று செய்தி வெளியிடும்போது, அந்தத் தளம் எத்தனை வினாடியை ஒரு பார்வையாக எண்ணுகிறது என்பதையும், எண்ணியது யார் என்பதையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிட வேண்டும். அத்துடன், சிறுதொழில் செய்பவர்கள் தங்களிடம் தரப்படும் விளம்பர அறிக்கையைப் படித்து என்னென்ன கேட்க வேண்டும், விளம்பரக் கணக்குகளைத் தங்கள் பெயரில் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை எளிய தமிழில் விளக்கும் தொடர் ஒன்றை வணிகப் பக்கத்தில் தொடங்க முன்வர வேண்டும். அதற்குத் தேவையான விளக்கங்களைத் தர எங்களைப் போன்ற ஏஜென்சிகளில் பணியாற்றும் பலர் ஆர்வத்தோடு இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்
(சிறிய விளம்பர ஏஜென்சி ஒன்றில் பணிபுரிபவர்)